பொடிப் போத்தலுக்குள் போட்ட அரிசி

எனக்கு வாய் அதிகம். மறைத்துப் பயனில்லை. என் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். இந்த வாயால் நான் கெடுத்துக்கொண்ட காரியங்களை எல்லாம் எழுதினால் பத்திரிகையில் வேறு எதற்கும் இடம் இருக்காது. ஒன்றை மட்டும் எழுதுகிறேன். வெள்ளைக்காரர்கள் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், மலாக்காவை அடுத்த ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் வாசலில், காவலுக்கு நின்ற போலீஸ்காரரை நானே கூவிக் கூப்பிட்டு, என்னை நானே பிடித்துக் கொடுத்த கதை.

(சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

எல்லாம் ஒரு பொடிப் போத்தலால் வந்தது. மூக்குப்பொடி வைக்கிற சின்னக் கண்ணாடிப் போத்தல். உள்ளங்கைக்குள் வைத்து மூடினால் வெளியே தெரியாது. அதை வைத்திருந்தவர் என் அப்பா. ஆனால் அது அவருடையது அல்ல.

அப்பா தோட்டத்தில் ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தார். நாள் முழுவதும் புகைக்குள் நிற்பார். மூக்கு அடைத்துக்கொள்கிறது, அதற்காகத்தான் பொடி போடுகிறேன் என்பார். (லீவு நாளில் எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. தும்மல்தான் வரும்.) தகடுகளை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குப் போகும் லாரியில் கூடவே அவரும் போவார். இறக்கி முடித்ததும் அங்கே தெங்கேரா வட்டாரத்தில் ஒரு தமிழர் கடையில் பொடி வாங்குவார். அதற்கு அடுத்த கடை கடிகாரக் கடை. முதலாளி பெயர் லிம். பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் பாபா சீனர். வீட்டிலும் மலாய்தான் பேசுவார். நாங்கள் அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்போம்.

அந்தத் தவுக்கேவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய சீனப் பொடிப் போத்தல்களைச் சேர்ப்பது. அதிலும் கண்ணாடியில் செய்தது மட்டும். பச்சைக்கல்லில் குடைந்தது, பீங்கானில் செய்தது எல்லாம் சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டார். கண்ணாடி என்றால் ஜன்னல் கண்ணாடி மாதிரி நினைக்காதீர்கள். பால் நிறம், நாவல்பழ நிறம், மஞ்சள் கிழங்கை உடைத்தால் உள்ளே தெரியும் நிறம் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. சீன ராஜாக்கள் ஆண்ட காலத்தில் செய்தவை. சிலவற்றில் வெள்ளைக் கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடியைத் தோல் போல ஏற்றி, வேண்டாத சிவப்பை எல்லாம் செதுக்கி எடுத்துவிட்டு, மீனோ பூவோ மட்டும் புடைத்து நிற்கும்படி விட்டிருப்பார்கள். மூடியைத் தூக்கினால் அதன் அடியில் ஒரு குட்டிக் கரண்டி தொங்கும். பொடியை அள்ள. இவற்றை எல்லாம் கடிகாரக் கடையில் ஒரு அலமாரியில் பஞ்சு விரித்து வைத்திருந்தார். கடிகாரம் வாங்க வருகிறவர்களைவிட அந்த அலமாரியைத்தான் அதிகம் கவனிப்பார்.

அப்பா ஒருநாள் அலமாரியைப் பார்த்துவிட்டு, இதுவும் பொடிக் கடைதான் என்று நினைத்து உள்ளே போய்விட்டார்.

"இதுல எவ்வளவு பொடி பிடிக்கும், தவுக்கே?"

தவுக்கே யோசித்தார். தெரியவில்லை. அவர் வாழ்நாளில் பொடி போட்டதே இல்லை. அத்தனை போத்தல் சேர்த்த மனிதர், பொடி என்பது என்ன நிறம் என்றுகூடச் சரியாகத் தெரியாதவர். அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. மடியிலிருந்த தகர டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை நீட்டினார். தவுக்கே மரியாதைக்கு வாங்கி இழுத்தார். அவர் தும்மிய தும்மலில் கடையிலிருந்த கடிகாரங்கள் எல்லாம் நின்றுவிட்டன என்று அப்பா சொல்வார். (அப்பா சொல்வதில் பாதியை நம்பலாம். பெரிய கடிகாரம் மட்டும் நின்றிருக்கும்.)

அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதர்கள். நம் ஊர் மழையில் தகர டப்பா துருப்பிடிக்கிறது, பொடி கட்டி தட்டுகிறது என்று அப்பா ஒருமுறை குறைப்பட்டிருக்கிறார். தவுக்கேவுக்கு அது பெரிய கேள்வியாகிவிட்டது. கண்ணாடிப் போத்தல் பொடியை ஈரம் படாமல் காய்ந்தபடியே வைத்திருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். கண்ணால் பார்த்ததில்லை. அலமாரியைத் திறந்து, வெள்ளையில் சிவப்பு மீன் நீந்தும் போத்தல் ஒன்றை எடுத்து அப்பா கையில் கொடுத்து, "மழைக்காலம் முடியும்வரை நீ இதில் போட்டுப் பார். பார்த்துவிட்டு எனக்குச் சொல்" என்றார்.

அதை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் போட்ட கூச்சல் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் கேட்டது.

"என்னப்பா இது. உடைஞ்சு கிடைஞ்சு போச்சுன்னா இந்த லயத்தையே வித்தாலும் காணாது. லயமும் நம்மளது இல்லை."

"நீ கத்துற கத்துல உடையாம இருந்தா சரி" என்றார் அப்பா.

மழைக்காலம் முடிந்தது. போத்தல் உடையவில்லை. பொடி கடைசிவரை மணல் மாதிரி உதிரியாகவே இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம். அதோடு எனக்கும் தெங்கேராவில் ஒரு வேலை காத்திருந்தது.

தவுக்கேவின் மனைவியை எல்லோரும் நோன்யா என்று கூப்பிடுவார்கள். வீட்டு முன்பகுதியில் பெண்கள் போடும் கெபாயாச் சட்டை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூடமாட உதவிக்கு ஒரு பெண் வேண்டும் என்றார். அங்கேயே தங்கலாம், சாப்பாடும் உண்டு. எனக்குத் தையல் வரும். சண்டை போடாமல் நான் செய்யும் ஒரே காரியம் அதுதான். அப்பா பேசி வைத்தார். ஒரு சனிக்கிழமை மதியத்துக்குள் வந்து கையைக் காட்ட வேண்டும், வராவிட்டால் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறாள், அவளை வைத்துக்கொள்வேன் என்று நோன்யா சொல்லிவிட்டார்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். அப்போது தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வாசல் ஒன்றுதான். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, வெளியே போகிற எவரும் ஒரு மணி அரிசிகூடக் கொண்டுபோகக் கூடாது. ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் காலைப் பசிக்கு ஒரு உருண்டை சோறு எடுத்துப் போக முடியாது. கடையில் தகர டின் வாங்கினால், காட்டுக்கு அனுப்பிச் சேர்த்து வைக்க முடியாதபடி அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். மீறினால் ஜெயில். பயமுறுத்தலுக்குச் சொன்னதில்லை. போனவர்களை எனக்குத் தெரியும். பால் வெட்டுக்காரியான நான் தினமும் விடியற்காலையில் அந்த வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். இடுப்பைத் தடவி, கொண்டையை அவிழ்த்து, வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். நினைத்தால் இன்றும் எரிகிறது. அந்தக் கம்பிக்கு வெளியே போய் ஒரு வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்து தைக்க வேண்டும். அது மட்டும்தான் என் ஆசை.

பெண்களைச் சோதிக்கப் பெண். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டிக் கொட்டகை, அதற்குள் கமலம். எங்கள் லயத்துக்காரிதான். போலீஸ் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அவளுக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாயடியில் தொடங்கிய சண்டை. அவள் வாளிக்கு முன்னால் நான் வாளி வைத்தேன் என்று அவள் சொல்வாள். நான் வைக்கவில்லை. (வைத்தேன்.) கொட்டகைக்குள் அவள் என்னைத் தொடும்போதெல்லாம் நான் ஏதாவது சொல்வேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

அந்தச் சனிக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, போத்தலில் மிச்சமிருந்த பொடியைத் தன் தகர டப்பாவில் தட்டிக்கொண்டு, வெறும் போத்தலை என்னிடம் நீட்டினார்.

"பத்திரமா கொண்டுபோய்க் குடும்மா. பொடி கடைசிவரைக்கும் காய்ஞ்சே இருந்துச்சுன்னு சொல்லு. அங்க போய் வாயைத் திறக்காதே."

"பொடியைப் பத்திச் சொல்லச் சொல்றீங்க. வாயைத் திறக்காம எப்படிச் சொல்றது?"

அப்பா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

இனித்தான் என் அறிவு. நம் வீடுகளில் யாராவது ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொடுத்தனுப்பினால், அந்தக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். கொஞ்சம் சர்க்கரை, ஒரு துண்டு வெல்லம், அதுவும் இல்லையென்றால் ஒரு சிட்டிகை அரிசி. என் அம்மா இருந்தவரை அப்படித்தான். அம்மா போன பிறகு அந்தப் பழக்கம் என் கைக்கு வந்துவிட்டது. கைக்கு மட்டும். மூளைக்கு வரவில்லை. வெறும் போத்தலைத் துணியில் சுற்றப் போனவள், அரிசிப் பானைக்குள் கைவிட்டேன். இரண்டு விரலில் எடுத்த அரிசியைப் போத்தலுக்குள் போட்டேன். மூடினேன். சுற்றினேன். என்ன செய்தோம் என்ற நினைவே இல்லை. மனமெல்லாம் நோன்யாவிடம் காட்டுவதற்காக நான் தைத்துவைத்திருந்த ரவிக்கையில் இருந்தது. கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றியதை யாராவது நினைவில் வைத்திருக்கிறார்களா? அந்த மாதிரி.

வாசலுக்குப் போனேன். கொட்டகைக்குள் கமலம் என் கூடையைப் பார்த்தாள், ரவிக்கையை உதறிப் பார்த்தாள், துணியை அவிழ்த்துப் போத்தலை எடுத்தாள்.

"இது என்ன?"

"பொடிப் போத்தல். மூக்குப்பொடி. உங்க போலீசுக்கு அதுவும் ஆகாதா?"

அவள் மூடியைத் திறந்து, எனக்கு முதுகைக் காட்டி, உள்ளங்கையில் லேசாகக் கவிழ்த்தாள். பிறகு கையை மூடினாள். சட்டென்று மூடியை அழுத்தினாள். கையை வாய்க்குக் கொண்டுபோய் எதையோ போட்டு மென்றாள். வேலை நேரத்தில் பாக்குத் தின்கிறாள் பார் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. போத்தலை என் கையில் திணித்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போ. பேசாம போ."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டது. பேசாமல் போ என்று என்னிடம் சொல்லக் கூடாது. அன்றும் சரி, இன்றும் சரி.

"நான் எதுக்குப் பேசாம போகணும்? திருட்டுச் சாமானா கொண்டு போறேன்? முதுகைக் காட்டிக்கிட்டு என்ன பண்ணினே? மூடியில இருந்த கரண்டியை உடைச்சிட்டியா? உடைச்சிட்டுப் பேசாம போகச் சொல்றியா?"

"ராக்கம்மா, உன் கால்ல விழறேன். போடி."

கமலம் என் காலில் விழுகிறேன் என்று சொன்னதும் எனக்கு உறுதியாகிவிட்டது. நிச்சயம் உடைத்துவிட்டாள். நான் தட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, துப்பாக்கியோடு நின்ற மலாய்ப் போலீஸ்காரரைப் பார்த்து, வாசலில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி மலாயில் கத்தினேன்.

"இஞ்சே வாங்க. இவ என் அப்பா சாமானை நாசம் பண்ணிட்டா. கரண்டி உடைஞ்சு உள்ளே கிடக்கும், வேற ஒண்ணும் இல்லை. நீங்களே கவுத்துப் பாருங்க."

அவர் வந்தார். நல்ல மனிதர், சொன்னதைச் செய்தார். கவிழ்த்துப் பார்த்தார்.

அவருடைய உள்ளங்கையில் அரிசி விழுந்தது.

வாசலில் நின்றவர்கள் என்னை விட்டு இரண்டடி தள்ளிப் போனார்கள். நான் அந்த அரிசியைப் பார்த்தேன். அது எப்படி அங்கே வந்தது என்று ஒரு நொடி எனக்கே புரியவில்லை. இன்னொரு நொடியில் புரிந்தது. (என் வாயை மூடிய பெருமை உலகத்தில் அந்த அரிசி ஒன்றுக்கே உண்டு.)

ஜீப்பில் ஏற்றி ஜாசின் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுவதும் நான் அப்பாவை நினைத்தேன், நோன்யாவின் மதியத்தை நினைத்தேன். ஜெயிலுக்குள் தையல் மெஷின் இருக்குமா என்றுகூட நினைத்தேன்.

ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் துரை. அவர் சொல்வதை எனக்கு மலாயில் சொல்ல ஒரு மலாய்க் கோப்ரல். அரிசி மேசைமேல் ஒரு காகிதத்தில் இருந்தது. போத்தலுக்குள் ஒட்டியிருந்த பொடியில் புரண்டு பழுப்பாகியிருந்தது. துரை அதைக் குனிந்து பார்த்தார். இது என்ன நிறம், மருந்து கலந்திருக்கிறதா, வெடிமருந்தா என்று கேட்டார். கோப்ரல் என்னிடம் கேட்பதற்குள் அவரே மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்துவிட்டார்.

என் அப்பாவின் பொடி சாதாரணப் பொடி அல்ல. மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. துரையின் முகம் போத்தலில் இருந்த மீன் நிறத்துக்கு வந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. கமலம் கண்ணும் இப்படித்தான் கலங்கியிருந்தது. அவள் மென்றது பாக்கு இல்லை. என் அரிசி. என்னைக் காப்பாற்ற, கையில் விழுந்ததை வாயில் போட்டு மறைத்திருக்கிறாள். அவள் கவனிக்காமல் விட்டாள் என்றுதான் போலீஸ் நினைத்திருந்தது, தெரிந்தால் அவளுக்கும் என்னோடு ஜெயில். அவளைத்தான் நான் ஊருக்கே கேட்கும்படி திட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

உட்கார்ந்திருந்த பெஞ்சில் அப்படியே ஒடுங்கிப்போனேன்.

துரை முகத்தைத் துடைத்துக்கொண்டு, எதற்காக அரிசியைப் போத்தலுக்குள் போட்டாய் என்றார். நான் உண்மையைச் சொன்னேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கோப்ரல் அதை இங்கிலீஷில் சொன்னார். துரை நம்பவில்லை. கோப்ரல் நின்றார், தயங்கினார், பிறகு தானாகவே ஏதோ சேர்த்துச் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். "என் அம்மாவும் அப்படித்தான், துவான். பக்கத்து வீட்டு மங்கு எங்கள் வீட்டிலிருந்து வெறுமையாகப் போனதில்லை" என்று சொன்னாராம். அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. யாரோ ஒரு தோட்டத்துப் பெண்ணுக்காகத் தன் அம்மாவைச் சாட்சிக்கு இழுத்தார்.

போத்தல் யாருடையது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு, துரை தவுக்கேவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு சீனர், தோட்டத்திலிருந்து வந்த அரிசி தனக்குத்தான் என்று ஒத்துக்கொள்வது விளையாட்டில்லை. காட்டில் இருந்தவர்களில் அநேகர் சீனர்கள். காட்டுக்கு அனுப்பவா என்று கேட்பார்கள். கடையைப் பூட்டுவார்கள். ஆளையும் பூட்டுவார்கள். தவுக்கே என்ன செய்வார் என்று நான் கணக்குப் போட்டேன். இந்தப் போத்தலை நான் பார்த்ததே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வீட்டுக்குப் போய்விடலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் வந்தார். வெள்ளைக் கோட்டு, பித்தான் எல்லாம் போட்டு. என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த போத்தலை மட்டும் பார்த்தார்.

"இது யாருடையது?" என்று துரை கேட்க, கோப்ரல் மலாயில் சொன்னார்.

"என்னுடையது."

"உள்ளே இருந்த அரிசி?"

"எனக்காகத்தான் போட்டிருப்பாள். வெறுமையாகக் கொண்டுவந்திருந்தால் யார் வளர்த்த பெண் இது என்று என் மனைவி கேட்டிருப்பாள்."

"இதற்கு ஜெயில் உண்டு. தெரியுமா?"

"தெரியும், துவான். அதற்கு முன்னால் ஒன்று கேட்கலாமா? மூடி எங்கே?"

துரைக்குப் புரியவில்லை. தவுக்கே சட்டைப்பையிலிருந்து கடிகாரம் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகிக்கொண்டு, போத்தலைத் திருப்பித் திருப்பி, மீனின் வால் சிதைந்திருக்கிறதா, விளிம்பு தெறித்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டார். அரிசியைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. மூடிதான். சிவப்புக் கல் பதித்த மூடி, கரண்டியோடு இருந்தது, இப்போது இல்லை. அவருடைய குரல் நடுங்கியது. ஜெயில் என்றபோது நடுங்காத குரல்.

துரை நாற்காலியைத் தள்ளிப் பார்த்தார். இரண்டு போலீஸ்காரர்கள் மேசைக்கு அடியில் தவழ்ந்தார்கள். நானும் தவழ்ந்தேன். (கைதி தவழக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.) கடைசியில் அது கோப்ரலின் கையிலேயே இருந்தது. போத்தலுக்குள் மிச்சம் அரிசி இருக்கிறதா என்று அந்தக் குட்டிக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தவர், தவுக்கேவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பெரிய ஆள் என்று நினைத்து எழுந்து நின்று சல்யூட் அடித்த வேகத்தில் அதை மறந்தே போயிருக்கிறார்.

தவுக்கே மூடியை வாங்கி, கரண்டி நேராக இருக்கிறதா என்று பார்த்து, பெருமூச்சு விட்டார். துரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த இரண்டு பேரும் கம்யூனிஸ்டுகளாக இருக்க முடியாது, இவர்களை வைத்துக்கொண்டு எந்தக் கட்சியும் உருப்படாது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. அரிசியைப் பறிமுதல் செய்தார். என்னை எச்சரித்தார். போகலாம் என்றார்.

அங்கேயாவது நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அந்த அரிசி தோட்டத்துல எங்க பங்குக்கு அளந்து குடுத்தது. அதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க" என்றேன்.

கோப்ரல் என்னை ஒரு பார்வை பார்த்தார். துரையிடம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரை தலையசைத்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். வெளியே வந்ததும் கேட்டேன். "நீ நன்றி சொன்னதாகச் சொன்னேன். இப்போதாவது ஓடு" என்றார்.

தவுக்கே டெக்சி பிடித்திருந்தார். மதியம் தாண்டிவிட்டது. மலாக்காவை நெருங்கும்போது, அவர் வழக்கம்போலப் போத்தலைக் காதருகே வைத்து லேசாக ஆட்டினார். உள்ளே கண்ணாடிச் சில்லு தெறித்திருந்தால் கேட்குமாம்.

உள்ளே ஏதோ கடகடத்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒரு அரிசி. கழுத்துக்குக் கீழே எங்கோ ஒட்டிக்கொண்டிருந்து, இப்போது கழன்று, உள்ளே உருள்கிறது. சாலையில் முன்னால் போலீஸ் தடுப்பு. வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்தால் கழுத்தின் உள்விளிம்பில் மாட்டிக்கொண்டு விழாது, ஆட்டினால் கேட்கும், டெக்சியோ குழியில் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. தவுக்கே போத்தலை உள்ளங்கையில் இறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"காலையில் வாசலில் ஒரு சண்டை போட்டாயாமே. அதை இப்போது போடு."

"யாரோட?"

"என்னோடு."

அதற்குத் தனியாக வேறு பழக்கம் வேண்டுமா. போலீஸ்காரர் ஜன்னலில் குனிந்தபோது நான் தவுக்கேவைத் தமிழில் பிடித்துக்கொண்டேன். பாதி நேரம் அவரைத் திட்டினேன், பாதி நேரம் என்னைத் திட்டிக்கொண்டேன், யாரைத் திட்டுகிறோம் என்று எனக்கே தெரியவில்லை. தவுக்கே தலையைக் குனிந்துகொண்டிருந்தார். போலீஸ்காரர் கூடையை மேலோட்டமாகப் பார்த்து, தவுக்கேவைப் பரிதாபமாகப் பார்த்து, "பாவம் லா பாபா" என்று சொல்லிக் கையை ஆட்டிவிட்டார்.

கொஞ்ச தூரம் போனதும் தவுக்கே கேட்டார். "என்னவெல்லாம் சொன்னாய்?"

"பொடி கடைசிவரைக்கும் காய்ஞ்சே இருந்துச்சுன்னு அப்பா சொல்லச் சொன்னாருன்னு சொன்னேன்."

"அவ்வளவு நேரமா?"

நான் கூடையில் ரவிக்கையை மடித்து வைத்தேன். அன்று நான் சொன்னதை அவர் கடைசிவரை தெரிந்துகொள்ளவில்லை. அதுவே நான் அவருக்குச் செய்த ஒரே உபகாரம்.

தெங்கேரா வீட்டில் நோன்யா கதவருகே நின்றார். அந்தச் சொந்தக்காரப் பெண் வந்து, காத்திருந்துவிட்டுப் போய்விட்டாளாம். போகச் சொன்னது நோன்யாதான். போலீஸ் ஆள் வந்து கணவரைக் கூட்டிப்போனதும், எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், வந்த பெண்ணை அனுப்பிவிட்டிருக்கிறார்.   என் ரவிக்கையை வாங்கி, உள்புறம் திருப்பித் தையலைப் பார்த்து, "கை அமைதியாக இருக்கிறது" என்றார். பிறகு, "முதலில் சாப்பிடு" என்றார். காலையிலிருந்து அரிசியைப் பற்றியே பேசியவள், அப்போதுதான் சோற்றைப் பார்த்தேன். தட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். கோபத்தில் அழுவது எனக்குப் பழக்கம். அது கோபம் இல்லை என்று அன்று முதன்முதலாகத் தெரிந்தது.

அடுத்த லீவில் தோட்டத்துக்குப் போனேன். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கதையைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, துரை தும்மிய இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு கமலம் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழித்தேன்.

"நாக்கு எரிச்சல் போகவே எத்தனை நாளாச்சு தெரியுமா" என்றாள் அவள். "பச்சை அரிசி, அதுல உங்கப்பன் பொடி."

"கமலம், நான் உனக்கு..."

"வேணாம். நீ நன்றி சொல்ல வாயைத் திறந்தா மறுபடியும் ஒரு போலீசைக் கூப்பிட்டுடுவே. உள்ள வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். குழாயடியில் அவள் வாளிக்கு முன்னால் நான் வாளி வைத்தது உண்மைதான் என்று அன்று சொல்லிவிட்டேன். எப்பவோ தெரியும் என்றாள்.

கல்யாணம் ஆகும்வரை நோன்யா வீட்டில்தான் இருந்தேன். கெபாயா தைக்க, துணிக்காரர்களோடு பேரம் பேச, இரண்டையும் நோன்யா என்னிடம் விட்டுவிட்டார். என்னைத் திட்டவே மாட்டார். துணிக்காரர்களை நான் திட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

தவுக்கே அந்த அரிசியை எடுக்கவில்லை. நான் ஊசியால் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். சிங்கப்பூரிலிருந்து இவரைப் போலவே போத்தல் பைத்தியம் பிடித்தவர்கள் வருவார்கள். சிவப்பு மீனைப் பார்த்து மயங்குவார்கள், கையில் எடுப்பார்கள், ஆட்டுவார்கள், முகம் சுளிப்பார்கள். உள்ளே ஏதோ இருக்கிறதே, சுத்தம் செய்தால் வாங்கிக்கொள்கிறோம் என்பார்கள். "அது சேர்ந்துதான் போத்தல்" என்று தவுக்கே வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். அவருடைய நண்பர்களுக்கு நடந்ததைச் சொல்லும்போது, போலீஸ் கோட்டைவிட்ட சாட்சி என்று அதை ஆட்டிக் காட்டுவார். நான் பக்கத்து அறையில் தைத்துக்கொண்டே கேட்பேன். ஒவ்வொரு முறையும் என் சண்டை கொஞ்சம் நீளமாகும், துரையின் தும்மல் கொஞ்சம் பெரிதாகும். நான் மறுத்துச் சொன்னதில்லை.

தவுக்கேவும் நோன்யாவும் இப்போது இல்லை. போத்தல்கள் மகளிடம் இருக்கின்றன. சீனப் பெருநாளுக்கு நானும் என் பிள்ளைகளும் அங்கே போகிறோம். தீபாவளிக்கு அவர்கள் வருகிறார்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்கு என் பெயர் தெரியாது. வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே ஓடி, "நெனெக் பெராஸ் வந்தாச்சு" என்று கத்துகிறார்கள். அரிசிப் பாட்டி என்று அர்த்தம். என் பிள்ளைகளும் இப்போது அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், அதுவும் கடைத்தெருவில், நாலு பேர் முன்னால்.

யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அங்கேயே நிறுத்தித் திருத்துகிறவள் நான். இந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.